தையல்கடையில் கொடுத்த மருந்து

மருந்தை எந்த இடத்தில் வைத்துச் சாப்பிட வசதி என்று காசநோயாளியிடம் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. புதிதாகச் சேரும் கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சியின் முதல் நாளிலேயே அதைச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். என்னோடு வேலை பார்த்த ஷைனி சென்ற மாதம் போனில் சொன்னாள். “அது எப்பவும் அப்படித்தான் இருந்ததுன்னு பிள்ளையளு நெனைக்குதுவ அக்கா. நீங்க டயரி எழுதுற ஆளுல்லா, ஒருக்கா எழுதிக் குடுங்க” என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த 2004 முதல், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த வருடம் வரை நான் டயரி எழுதாத நாள் கிடையாது. அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தே இதை எழுதுகிறேன். நோயாளியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

மார்த்தாண்டத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம், வெளிநாட்டு நிதியில், மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் காசநோய்த் திட்டத்தை நடத்திவந்தது. நான் அதில் களக் கண்காணிப்பாளர். நாகர்கோவிலில் சில வாரங்கள் பயிற்சி. அதில் கற்றதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதிய ஒரு மருந்துப் பெட்டி. முதல் இரண்டு மாதம், வாரத்தில் மூன்று நாள் நோயாளி வந்து, மருந்து கொடுப்பவரின் கண்முன்னே மாத்திரைகளை விழுங்க வேண்டும். பிறகு சளிப் பரிசோதனை. அதில் கிருமி இல்லை என்றால் அடுத்த நான்கு மாதம் வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். ஒரு வேளை மருந்தை அங்கேயே விழுங்கிவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த வாரம் காலி அட்டையைத் திருப்பித் தர வேண்டும். நோயாளி ஒரு முறை வராவிட்டால் மறுநாளே கண்காணிப்பாளர் தேடிப் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி திரும்பப் பெருகும். அடுத்த தடவை அதே மருந்து அதன்மேல் வேலை செய்யாமலும் போகலாம். எங்கள் வேலை முழுவதும் இந்த ஒரு ஆபத்தைச் சுற்றியே நடந்தது.

தேடிப் போவதற்குத் திட்டத்தில் ஒரு வண்டி கொடுத்தார்கள். பெட்ரோல் டாங்க் முன்னால் இருக்கும் கியர் பைக். நான் சேலை கட்டுகிறவள். ஸ்கூட்டராக மாற்றிக் கேட்டேன். எந்த வகை வண்டி வாங்க வேண்டும் என்று நிதி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இரண்டு சுடிதார் தைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டப் பழகினேன். முதல் தடவை சிதறால் ஏற்றத்தில் போனபோது டீக்கடையில் இருந்த ஒருவர், “ஏலே, வழி விடு, எஸ்ஐ அம்மா வருது” என்று சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. அந்தப் பெயர் அந்தப் பக்கம் எனக்கு நிலைத்துவிட்டது. நான் வருத்தப்படவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. பணம் கிளம்புகிற இடத்திலேயே, வேலை செய்யப்போகிறவர் பேன்ட் போட்டிருப்பார் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எழுதும்போது அவர்கள் மனதில் வந்த ஆள் அப்படி, அவ்வளவுதான்.

திட்டத்தின் தலைவர் டாக்டர் தங்கசாமி. ராணுவ மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அய்யாவழிக் குடும்பம், நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் அவரை அலுவலகத்தில் பார்த்ததில்லை. அவரிடம் அறிக்கை கொடுப்பது ஒரு சடங்கு போல நடக்கும். தாளை மேசையில் நேராக வைத்து, மரஸ்கேலை முதல் வரியின் கீழே வைப்பார். அந்த வரியைப் படித்து முடித்த பிறகுதான் ஸ்கேல் கீழே இறங்கும். ‘மிகவும்’, ‘பெருமளவில்’, ‘சிறப்பாக’ ஆகிய மூன்று சொற்களையும் பார்த்த இடத்தில் அடித்துவிடுவார். ஒவ்வொரு வரிக்கும் அவருக்கு இருந்தது ஒரே கேள்வி.

“பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?”

பார்த்தது என்றால் ஒரு டிக். கேட்டது என்றால் யாரிடம் கேட்டது என்று ஓரத்தில் எழுத வேண்டும். நினைத்தது என்றால் கோபப்பட மாட்டார். அந்த வரியைத் தனித் தாளுக்கு மாற்றச் சொல்வார். “நெனைக்கிறது தப்பில்ல லீலா. பாத்ததையும் நெனச்சதையும் ஒரே பாயில படுக்கவைக்கப்பிடாது, அவ்வளவுதான்” என்பார். முதல் ஆறு மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு என் டயரியும் அப்படியே மாறியது.

ஐந்தாறு வருடம் கழித்து நிதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. இந்தத் தடவை நிதி தருபவர்கள் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்கள். திட்டம் பெண்களின் நிலைமையைக் கணக்கில் எடுத்து நடக்க வேண்டும். நல்ல நிபந்தனைதான். பெண்கள் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பதை நாங்களே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தப் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைகளில், வேலை செய்கிறவர்களில் அநேகமாக எல்லாரும் பெண்கள். அங்கே ஒருத்தி இருமினால் வறுக்கிற புகையால் வந்த இருமல் என்று எல்லாரும் சொல்வார்கள்; அவளும் அப்படியே நம்பிவிடுவாள். இதையெல்லாம் மாற்றப் பணம் வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

சென்னையில் கூடி எழுதிய திட்டம் எங்கள் கைக்கு வந்தது. பெண்ணுக்கு வெளியே போவது சிரமம்; ஆகவே மருந்து அவளுடைய வீட்டைத் தேடிப் போகும். அதைக் கொண்டுபோவது அதே ஊரைச் சேர்ந்த, நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற ஒரு பெண் தொண்டர். தொண்டருக்கு ஊரில் மதிப்புக் கிடைக்க நீலச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, திட்டத்தின் சின்னம் அச்சடித்த தோள்பை. எத்தனை பெண்களுக்கு வீட்டு வாசலிலேயே மருந்து கிடைக்கிறது என்பதை வைத்து எங்கள் வேலை மதிப்பிடப்படும். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினோம். டாக்டர் மட்டும், ‘வெளியே போவது சிரமம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘யார் சொன்னது?’ என்று எழுதிவைத்தார்.

ஷைனி அந்தத் தொண்டர்களில் ஒருத்தி. ஒரு டிரைவரின் மனைவி, இரண்டு பிள்ளைகளின் அம்மா, நாக்கு கூர்மை. சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நல்ல துணி கிடைக்கவில்லை என்றாள்.

சில மாதங்களில் வேறொன்று நடக்கத் தொடங்கியது. ஆண் நோயாளிகள் எப்போதும்போல வந்தார்கள். அவர்களுக்கு அருகில் இருக்கிற இடம் போதும். டீ குடிக்கப் போகிற வழியில் மருந்தையும் விழுங்கிவிட்டுப் போவார்கள். யாராவது என்ன மாத்திரை என்று கேட்டால், சளி என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார்கள். பெண்களின் வீட்டில்தான் கதவு அடைபட்டது. தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்று ஷைனிக்குப் பதில்கள் வந்தன. வீட்டு வாசலுக்கே மருந்து போகிறது. வாங்க ஆள் இல்லை.

அப்படி அடைபட்ட கதவுகளில் ஒன்று ஜெனிட்டாவுடையது.

ஜெனிட்டாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயதிருக்கும். அண்டி ஆபீஸில் பருப்புத் தோல் எடுக்கிற வேலை. முதல் இரண்டு மாத மருந்தைத் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டவள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வருகிற அம்மாக்களின் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக நின்று விழுங்கிவிட்டுப் போவாள். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இருமல் நின்றது, உடம்பு தேறியது. அந்தச் சமயத்தில்தான் புதிய திட்டம் வந்து, அவளுடைய பெட்டியை ஷைனியின் தோள்பைக்கு மாற்றியது. அதே சமயத்தில் அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமானது. மாப்பிள்ளை சவுதியில் ஏசி மெக்கானிக். லீவில் வரப்போகிறார்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்ன ஊர் இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று பீடத்திலிருந்து அறிவிப்பு வரும். கோயில் கேட்கிற தடை, நெருங்கிய உறவு, முன்பே நடந்த திருமணம் போன்றவை. ஆனால் ஊர் அதோடு நிறுத்தாது. அந்த மூன்று வாரமும் பெண்வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதைத் தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டு வாரம் தொடர்ந்து கதவு திறக்கவில்லை என்று ஷைனி தாமதமாகத்தான் வந்து சொன்னாள். மூன்றாம் முறை போனபோது ஜெனிட்டாவின் அம்மா சிசிலி வாசல் படலைக்கே வந்துவிட்டாராம். குரலை உயர்த்தவில்லையாம். “ஏட்டி ஷைனி, நீ நல்லா இருப்ப. கல்யாணக் கெட்டு முடியுறது வர இந்தச் சேலையக் கெட்டிக்கிட்டு எனக்க முற்றத்துல ஏறாத” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பைக்கையும் எடுக்கவில்லை. வேலை விட்டுப் பெண்கள் ஏறுகிற பஸ்ஸில் சாதாரணச் சேலையில் ஏறி, ஜெனிட்டாவின் பக்கத்தில் இடம் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, ஏன் நிறுத்தினாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

“நான் நிறுத்தல்ல மேடம். அம்மைதான் கதவ அடைச்சாவ” என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். மாப்பிள்ளையின் சித்தி அவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நீலச் சேலை அந்தச் சந்துக்குள் திரும்பினால் எந்த வீட்டுக்கு என்று எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். “முன்னால மருந்தத் தேடி நான் போனேன். போறது நானா இருந்தா வழியில கேக்கவியட்ட என்னத்தையும் சொல்லிக்கிடலாம். இப்ப மருந்து என்னத் தேடி வருது. அதுட்ட போயி நீ யாருட்டயும் ஒண்ணும் சொல்லாதன்னு சொல்ல முடியுமா?”

கிருமி இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டதால் அவளால் யாருக்கும் இப்போது தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினேன். ஆனால் நிறுத்தினால் அந்த நிலை மாறும். அப்போது அவளுக்கும் ஆபத்து, கட்டிக்கொள்கிறவருக்கும் ஆபத்து. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையிடம் சொல்வாயா என்று கேட்டேன்.

“சொல்லுவேன். அத நான் சொல்லணும் மேடம். சேலை சொல்லப்பிடாது.”

இதை அன்று ராத்திரி டயரியில் எழுதி, ஓரத்தில் ‘கேட்டது: ஜெனிட்டாவிடம்’ என்று குறித்தேன். ஆனால் பஸ்ஸிலேயே எனக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது. அவ்வளவு வருடத்தில் ஒரு நோயாளியிடமும் நான் கேட்காத, கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிராத கேள்வி. எங்கே வைத்துத் தந்தால் சாப்பிடுவாய்?

யோசிக்கவே இல்லை. மார்த்தாண்டத்தில் என்றாள். அவள் ஊரிலிருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கு மேல். எங்கள் திட்டத்தில் தூரம் என்பதுதான் பெண்களின் முதல் எதிரி. அவளோ தூரத்தைக் கேட்கிறாள். மார்த்தாண்டத்தில் எங்கே என்றேன்.

“பிளாரன்ஸ் அக்காக்க தையல்கடையில. கல்யாணத்துக்கு ஜாக்கெட்டு தைக்கக் குடுத்திருக்கு. கெட்டுவீட்டுப் பிள்ள தையல்கடைக்குப் போறதுக்கு யாராவது காரணம் கேப்பாவளா? நாலு தடவ நடக்க வைக்காம அந்த அக்கா என்னைக்கு ஜாக்கெட்டு தந்திருக்காவ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளாரன்ஸ்தான் எனக்கும் தைக்கிறவர். கிறிஸ்மஸுக்குக் கொடுத்ததை ஈஸ்டருக்குப் போட்டிருக்கிறேன்.

பிளாரன்ஸின் கடை சந்தைக்குப் பக்கத்தில், ஒரு குடைக்கடையின் மாடியில் இருந்தது. படி குறுகலானது. ஆண்கள் மேலே வருவதில்லை. கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கீழேயே நிற்பார்கள். மேலே மூன்று தையல் மெஷின், காத்திருக்க ஒரு பெஞ்சு, அளவு பார்க்க ஒரு மூலையில் திரைச்சீலை, குடிக்க மண்பானைத் தண்ணீர். எந்த நேரம் போனாலும் நான்கைந்து பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து, சொன்ன தேதிக்குத் தராததற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். மருந்து கொடுக்க இதைவிட நல்ல இடத்தை அரசாங்கம் கட்டித்தர முடியாது.

நான் விஷயத்தைச் சொன்னதும் பிளாரன்ஸ் கத்தரியைக் கீழே வைத்தார். ஒட்டுமா என்று முதலில் கேட்டார். இந்த நிலையில் ஒட்டாது, ஏன் என்று விளக்கினேன். பிறகு, பெட்டியை எங்கே வைப்பது, வராவிட்டால் யாருக்குப் போன் பண்ணுவது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

“அப்ப நான் சொன்ன தேதிக்குத் தைச்சுக் குடுத்துட்டா உங்க திட்டம் கெட்டுப்போவும், இல்லியா?”

ஆமாம், தயவுசெய்து பழையபடியே இருங்கள் என்றேன்.

டாக்டரிடம் போனேன். தொண்டர் அதே ஊர்க்காரர் இல்லை, நடந்துபோகும் தூரம் இல்லை, வீட்டு வாசலும் இல்லை. மூன்று விதியும் மீறப்படுகிறது. அவர் ஸ்கேலை எடுத்து என் தாளின் கீழே வைத்தார். ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். ‘சேலை சொல்லக் கூடாது’ என்ற வரியில் ஸ்கேல் கொஞ்ச நேரம் நின்றது.

“விதிப்படி இது தப்பு. தப்புன்னே எழுது. எதுக்குச் செஞ்சோம்னும் எழுது. ஒளிச்சு வைக்கண்டாம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே ஜெனிட்டா மறுபடியும் மருந்தைத் தொடங்கினாள். அளவுக்குக் கொடுக்கிற பழைய ஜாக்கெட்டின் மடிப்புக்குள் காலி அட்டையை வைத்துக் கொண்டுவருவாள். அதே மடிப்புக்குள் புது அட்டை போகும். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள்.

மூன்றாவது ஓலைக்கு முன்னால், வாரத்தின் நடுவில், நிதி தருபவர்களின் மதிப்பீட்டாளர் டெல்லியிலிருந்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, பருத்திச் சேலை, அளவான பேச்சு. எங்கள் அறிக்கையை ஏற்கெனவே படித்திருந்தார். விதி மீறிய ஒரு நோயாளி இருக்கிறார், அவரை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மருந்து கொடுத்ததாக எழுதிவிட்டு ஆளையே காட்டாத இடங்களை அவர் பார்த்திருக்கிறார். வீட்டில் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாமல் அடுத்த தவணை நிதி வராது. கதவில் பெரிதாகச் சின்னம் வரைந்த வெள்ளை ஜீப் வாசலில் தயாராக நின்றது.

அந்த ஜீப் ஜெனிட்டாவின் சந்துக்குள் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்யாணம் நின்றுவிடும் என்று நான் சொன்னேன். கல்யாணம் நின்றால் அவள் மருந்தையும் நிறுத்திவிடுவாள். நீங்கள் பார்த்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து நீங்கள் பார்த்தது உண்மையாக இருக்காது.

மதிப்பீட்டாளர் பதில் சொல்வதற்குள் டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவருடைய கேள்வி வரும் என்று தெரியும். ஆனால் அந்த இடத்தில், மதிப்பீட்டாளர் முன்னால் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“லீலா, இது பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?”

நெனச்சது என்றேன். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை. “நெனச்சதுதான் சார். ஆனா இத ஜீப்ப அனுப்பித்தான் சோதிச்சுப் பாக்க முடியும். பாத்த பிறகு திருப்ப முடியாது. அந்தச் சோதனைய அந்தப் பிள்ளைக்க கல்யாணத்துல வச்சுப் பாக்க நமக்கு உரிமை இல்ல.”

டாக்டர் நான் சொன்னதை ஆங்கிலத்தில் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மதிப்பீட்டாளரிடம் சொன்னார். அந்த அம்மா, சரி, அதற்குப் பதிலாக எனக்கு எதைக் காட்டுவீர்கள் என்று கேட்டார்.

உங்களிடம் தைக்காத ஜாக்கெட் துணி இருக்கிறதா என்று நான் கேட்டேன்.

முந்தின நாள் நாகர்கோவிலில் ஜாக்கெட் துணியோடு ஒரு கைத்தறிச் சேலை வாங்கியிருந்தார். ஜீப்பை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, துணிப் பையோடு இருவரும் சந்தைக் கூட்டத்துக்குள் நடந்தோம். அன்று ஜெனிட்டா மருந்துக்கு வருகிற நாள். காலையிலேயே அவளுக்குப் போன் பண்ணி, இப்படி ஒருவர் வந்திருக்கிறார், பேச விருப்பமா என்று கேட்டிருந்தேன். கடையில் என்றால் பேசலாம் என்றாள்.

பிளாரன்ஸ் வந்தவர் யார் என்று கேட்காமலே அளவு எடுத்தார். அடுத்த வாரம் வரச் சொன்னார். இவர் நாளைக்கே டெல்லி போகிறார் என்றேன். அப்படியானால் அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கொள்ளட்டும், அவசரமில்லை என்றார். பெஞ்சில் இருந்த ஒரு பெண், அதற்குள்ளே தைத்துவிடுவியளா என்று கேட்டாள். பெஞ்சு முழுவதும் சிரித்தது.

ஜெனிட்டா வந்தாள். பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். அவள் முறை வந்ததும் பழைய ஜாக்கெட்டோடு திரைக்குப் பின்னால் போனாள். பிளாரன்ஸ் அளவு நாடாவோடு பின்னால் போனார். மதிப்பீட்டாளரையும் உள்ளே அழைத்தோம். காலி அட்டையைக் கொடுத்தாள். மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். அந்த இடத்திலேயே நின்று மதிப்பீட்டாளர் அவளிடம் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. நீலச் சேலை இல்லாமல், சாதாரண உடையில் ஒரு பெண் வீட்டுக்கு மருந்து கொண்டுவந்தால் போதாதா?

ஜெனிட்டா தலையாட்டினாள். “சேலை இல்லேன்னாலும் ஆளு வருமே. வாரம் வாரம் எதுக்கு வாறான்னு கேப்பாவ. அதுக்கு அம்மை பதில் சொல்லணும், தங்கச்சி பதில் சொல்லணும், வந்தவிய பதில் சொல்லணும். நான் வெளிய போனா நான் மட்டும் சொன்னாப் போதும்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு பஸ்ஸுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றாள் ஜெனிட்டா. எங்களில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. மதிப்பீட்டாளர் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அன்று மாலையே எங்கள் தாளில் கையெழுத்தும் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷைனியிடமிருந்து போன் வந்தது. மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு அக்கா, யாரும் ஒண்ணும் சொல்லல்ல என்றாள். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

அடுத்த நிதி ஒப்பந்தத்தில் மூன்று மாற்றங்கள் வந்தன. மருந்து எடுக்கும் இடத்தை நோயாளி சொல்ல வேண்டும். அதற்கான பஸ் காசைத் திட்டம் தர வேண்டும். எத்தனை வாசலுக்குப் போனோம் என்பதைவிட, எத்தனை பேரிடம் கேட்டோம், கேட்டபடி செய்தோமா என்று பார்க்க வேண்டும். நீலச் சேலை விருப்பமுள்ளவர்கள் உடுத்தலாம் என்றானது. கேட்கத் தொடங்கியதும் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு இடம் சொன்னாள். மீன் விற்கிற ஒரு அம்மா, தான் ஐஸ் வாங்குகிற கடையில் போதும் என்றார். ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்த ஒருத்தி, அத்தைக்குத் தெரிந்தே நடக்கட்டும், வீட்டுக்கே கொண்டுவாருங்கள் என்றாள். பிளாரன்ஸின் மாடியில் ஒரு சமயம் ஆறு பெட்டிகள் இருந்தன. தேதி தவறுவது மட்டும் மாறவில்லை.

ஜெனிட்டா கல்யாணத்துக்குப் பிறகு கொல்லங்கோட்டுப் பக்கம் கணவன் வீட்டுக்குப் போய்விட்டாள். மருந்துக்கு மார்த்தாண்டத்துக்கே வந்தாள். கடைசி அட்டையின் கடைசி மாத்திரையை எங்கள் கண்முன்னே விழுங்க வேண்டும் என்பது விதி. அன்று நானும் கடையில் இருந்தேன். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “அவருட்ட சொல்லிட்டேன் மேடம்” என்றாள்.

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பிளாரன்ஸ் கேட்டார்.

“ரெண்டு நாளு ஒண்ணும் பேசல்ல. மூணாவது நாளு, எந்த பஸ்ஸுல போவன்னு கேட்டாரு. இன்னைக்கு அவருதான் பைக்குல கொண்டு வந்தாரு.”

நான் படியிறங்கிப் போனேன். குடைக்கடையின் ஓரத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞர் நின்றிருந்தார். நான் யார் என்று சொன்னதும் நேராக நின்றார். இனிமேல் வராது அல்லவா என்று கேட்டார். முழு மருந்தையும் சாப்பிட்டுவிட்டாள், கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்றேன். ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது என்றும் சொன்னேன்.

“நான் அப்ப சவுதியில இருப்பேன். அவட்ட சொல்லுங்க மேடம்” என்றார்.

அதற்குள் ஜெனிட்டா படியில் இறங்கி வந்துவிட்டாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. கையில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளின் கட்டு.

“குழித்துறையில வச்சுப் பாக்கலாம் மேடம்” என்றாள். “அங்க எனக்கு வேற சோலி இருக்கு.”

என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குழித்துறை என்று எழுதிக்கொண்டேன்.